ஓட்டுப்பெட்டியை நான் தொடவில்லை

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது அம்மா. உங்கள் மேசையில் காகிதம் பறக்கிறது. எனக்கும் நேராகக் காற்று பட்டால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும். டீ வேண்டாம், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என்னை விசாரணைக்கு எதற்கு அழைத்தீர்கள் என்று தெரியும். ஆனையூர் கூட்டுப் பட்டறைத் தேர்தலில் நான் ஓட்டுச்சீட்டுகளை மாற்றிவிட்டேன் என்று சரண்யாதேவி புகார் கொடுத்திருக்கிறாள். முதல் நாள் ஓட்டுப்பதிவின்போது, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நான் மட்டும் சாமான் அறைக்குள் போனதையும் துணிப்பையோடு வெளியே வந்ததையும் ஒருவர் பார்த்திருக்கிறார் என்றீர்கள். பை கனமாகத் தொங்கியது என்றும் சொல்லியிருக்கிறார். ஓட்டுப்பெட்டி அந்த அறையில்தான் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

பார்த்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நான் போனது உண்மை. பை உண்மை. கனமும் உண்மை. ஓட்டுச்சீட்டு என்பது மட்டும் பொய். முறையாகச் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் முத்திருளன். சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். அந்த உத்தியோகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல் வேலை. மற்ற வாத்தியார்கள் மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பார்கள். நான் உத்தரவு வராத வருடம் வருத்தப்படுவேன். ஒருமுறை ஒரு ஊர்ப் பெரிய மனிதர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் தாயார் ஓட்டைத் தானே போட்டுவிடுகிறேன் என்று வந்தார். தாயாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாள் மகன் சொன்ன சின்னத்தில் குத்தியிருக்க மாட்டாள் என்று இன்றுவரை எனக்கொரு சந்தேகம் உண்டு.

சந்தேகப்படுவது கெட்ட குணம் என்பார்கள். வாக்குச்சாவடியில் உட்காருகிறவனுக்கு அதுதான் மூலதனம். விரலில் பழைய மை இருக்கிறதா, ஒரே சட்டை இரண்டு தடவை வரிசையில் வருகிறதா, யார் யாரைப் பார்த்துக் கண் காட்டுகிறார்கள், எல்லாம் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து எனக்கு அது கண்ணிலேயே ஊறிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு மகன் வீட்டோடு போய் இருந்தேன். ஒத்துவரவில்லை. மனைவி அழகம்மாளைக் கூட்டிக்கொண்டு, கடைசியாக வேலை பார்த்த ஆனையூருக்கே திரும்பினேன். அப்போதுதான் பட்டறை தொடங்கியிருந்தது. மூடிப்போன அரிசி ஆலையை அதன் சொந்தக்காரர்கள் பட்டறைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மரம் அறுக்கும் மெஷின், கடைசல் மெஷின், வெல்டிங், சாணை எல்லாம் உள்ளே உண்டு. முதலாளி கிடையாது. சந்தா கட்டிய எவரும் வந்து தன் வேலையைச் செய்துகொள்ளலாம். தச்சர்கள் வருவார்கள், கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து அரிவாளையும் கலப்பைக் கொழுவையும் தூக்கிக்கொண்டு சம்சாரிகள் வருவார்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர்கூட ஞாயிற்றுக்கிழமை வந்து புத்தக அலமாரி செய்வார். நான் ஒரு நாற்காலி செய்தேன். ஆடும். ஆனாலும் அதில்தான் உட்காருகிறேன்.

வருடா வருடம் தலைவரையும் நிர்வாகக் குழுவையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். முதல் தேர்தல் கையைத் தூக்கச் சொல்லி நடந்தது. சந்தைக்கடை மாதிரி இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து நான் எடுத்து நடத்தினேன். ஓட்டுச்சீட்டு, மறைப்பு, மை, அரக்கு முத்திரை எல்லாம் கொண்டுவந்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓட்டுப்பதிவு. நான் எதற்கும் நிற்க மாட்டேன். நடத்துகிறவன் நிற்கக் கூடாது.

முகேஷ் வந்து இரண்டு வருடம் இருக்கும். ஓசூரில் ஏதோ ஆலையில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமானதும் இங்கே வந்துவிட்டான். சரண்யாதேவி அவன் மனைவி. கை சுத்தமான வேலைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் முதலில் சாணை மெஷின் முன்னால்தான் நிற்பான். யார் உளி மழுங்கியிருந்தாலும், யார் அரிவாள் கொண்டுவந்தாலும், தானே வாங்கித் தீட்டிக் கொடுப்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அதனால்தான் கவனிக்கத் தொடங்கினேன். எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி ஒருவன் எதற்காக நடந்துகொள்ள வேண்டும்?

போன வருடக் கடைசியில் புது உறுப்பினர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். பாதிப் பேர் அவன் கூட்டி வந்தவர்கள். பிறகு ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை அழைத்துவந்து கட்டடம் முழுக்கச் சுற்றிக் காட்டினான். அந்த ஆள் சுவரை அளந்தார், கூரையைப் படம் எடுத்தார், மெஷின்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார், வாசலில் நின்று ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தார். ஆனையூரில் இன்றைக்கு இடம் என்ன விலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் தம்பி அவர் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். எலெக்‌ஷன் முடியட்டும், நானே சொல்றேன்," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்த வாரமே தலைவர் பதவிக்கு மனுக் கொடுத்தான்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? புது ஆட்கள், அளவெடுக்கிற ஆள், தேர்தல் முடிந்த பிறகு சொல்கிற ரகசியம். தலைவராக இருந்த செல்லக்கிளியிடம் போய்ச் சொன்னேன். மரத்தில் சமையலறை அலமாரி செய்து விற்கிற பெண். தைரியசாலி, ஆனால் யாரையும் நம்பிவிடுவாள். அவளும் மறுபடி தலைவருக்கு நின்றாள், அவளுக்கு எதிராகத்தான் முகேஷ் நின்றான். "அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல சார், நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்கிறாதீங்க," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எதிர்த்து நிற்பவனுக்கே நற்சான்று கொடுத்தால் எனக்கு என்ன தோன்றும்? இவளும் அதில் கூட்டோ என்று ஒரு வாரம் அவளையும் கவனித்தேன். தேநீர்க் கடையில் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்தினார்கள். வீட்டில் அழகம்மாளிடம் சொன்னேன். "ஒங்களுக்கு ஊர்ல ஒருத்தனும் நல்லவன் கெடையாது," என்று மாவாட்டப் போய்விட்டாள்.

தனியாகத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை ஓட்டுப்பதிவு தொடங்கியது. நான் மேசையில் உட்கார்ந்து பெயர் சரிபார்த்து, மை வைத்து, சீட்டுக் கொடுத்தேன். முகத்தைப் பார்த்தால் யாருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும், அத்தனை வருட அனுபவம். மதியத்துக்குள் முகேஷ் கூட்டி வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் வந்து போட்டுவிட்டார்கள். என் கணக்கில் அவன் ஜெயித்துவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் பெட்டியின் வாயை ஒட்டி, அரக்கு வைத்து, சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். எல்லோரும் போனார்கள். நான் திரும்ப வந்து கதவைத் திறந்து உள்ளே போனேன்.

பெட்டிக்கு முன்னால் நின்றேன். முத்திரைக் கட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது, அரக்கும் இருந்தது. உடைத்துத் திறந்து, வேண்டியதைச் செய்து, மறுபடி முத்திரை வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. வந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்தப் படுக்கைக்காரக் கிழவியின் ஓட்டையே மகனிடம் விடாதவன் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிய பக்கம் அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய சாணைக்கல் இருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷின்களைப் பராமரிப்பவர் ஆண்டிச்சாமி. சாணைக்கல் உடைந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும் என்று புது உறுப்பினர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார். கல்லை விரலில் மாட்டிக்கொண்டு மரக்கட்டையால் லேசாகத் தட்டுவார். நல்ல கல் மணி மாதிரி கணீரென்று சொல்லும், விரிசல் விட்ட கல் ஓட்டைப் பானை மாதிரி சொல்லும். இந்தக் கல் அப்படிச் சொன்னதால் கழற்றி, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, உடைத்துப் போட வேண்டும் என்று உள்ளே வைத்திருந்தார். மறந்துவிட்டார் போலிருக்கிறது. விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஓட்டைப் பானைதான். கைக்குட்டையால் குறியைத் துடைத்தேன். துணிப்பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மெஷினில் இருந்த நல்ல கல்லைக் கழற்றி இதை மாட்டினேன். நான் அவ்வளவு நல்ல தொழிலாளி இல்லை, நேரம் பிடித்தது. போகும்போது பையில் இருந்தது ஒரு கல், வீட்டுக்கு வந்தது வேறு கல். அந்த நல்ல கல் இப்போதும் வீட்டில் இருக்கிறது. அழகம்மாள் மாவுப் பாத்திரத்து மூடிமேல் பாரமாக வைத்திருக்கிறாள். பூனைத் தொல்லை. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கையில் அடிபடும், ஆஸ்பத்திரியில் கிடப்பான், தலைவர் வேலை பார்க்க முடியாது, அதற்குள் இடத்தைக் காப்பாற்ற வழி தேடலாம் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மாலைவரை அந்த மெஷின் பக்கம் யாரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சீக்கிரமே போய்விட்டேன். சாணை மெஷினை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருந்தது. கவலைப்பட்டது சரியாகத்தான் போயிற்று. முகேஷ் வருவதற்கு முன்னாலேயே செல்லக்கிளி கையில் உளியோடு நேரே மெஷினை நோக்கிப் போனாள். நான் மேசையிலிருந்து கூப்பிட்டேன்.

"ஏம்மா, பெட்டியத் திறக்கணும். முத்திரை சரியா இருக்குன்னு வேட்பாளர் பாத்துக் கையெழுத்துப் போடணும்ல."

"இந்தா வாரேன் சார், இத ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்திர்றேன்."

"மொதல்ல இது. விதி விதிதான்."

வந்து கையெழுத்துப் போட்டாள். அதற்குள் முகேஷ் வந்துவிட்டான். முகேஷும் முத்திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு அவள் கையிலிருந்த உளியை, "குடுங்கக்கா, நான் தீட்டித் தாரேன்," என்று வாங்கிக்கொண்டு போனான். அவள் உயிரோடு இருப்பதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். துண்டு கழுத்துக்குக் கீழே பாய்ந்திருந்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் முதலில் பெட்டியின் வாயில் தாளை ஒட்டினேன். கூட்டம் கலைகிற நேரத்தில்தான் தவறு நடக்கும். பிறகு நானும் ஓடினேன். வண்டியில் ஏற்றும்போது அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், வாயில் ரத்தம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

வேட்பாளர் இறந்தால் என்ன செய்வது என்று எங்கள் துணைவிதியில் ஒன்றும் இல்லை. உறுப்பினர்களைக் கூட்டிக் கேட்டேன். முகேஷ் பெயரோடு சேர்த்தே மீதி ஓட்டுப்பதிவை முடிக்க வேண்டும், அதுதான் அவனுக்கு மரியாதை என்று அவன் ஆட்களே சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடித்தோம். நிறையப் பேர் அழுதுகொண்டே ஓட்டுப் போட்டார்கள்.

அன்று மாலையே எண்ணினோம். முகேஷ் ஒன்பது ஓட்டில் தோற்றிருந்தான்.

இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இரக்கத்தில் விழுந்த ஓட்டையும் சேர்த்து எப்படித் தோற்பான் என்று கேட்கிறார்கள். எனக்கும் அப்போது கை ஓடவில்லை அம்மா. மறுபடி எண்ணினேன். அவன் ஜெயித்திருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே எண்ணினேன். ஒரு சீட்டாவது தப்பாக அடுக்கியிருக்கக் கூடாதா என்று பார்த்தேன். ஒன்பதுதான். அவன் கூட்டி வந்தவர்களிலேயே பலர் செல்லக்கிளிக்குப் போட்டிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து நான் போட்ட கணக்குத் தப்பு. பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் தேர்தலே பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கையில் ஒன்பதை மாற்றுவதும் என் கையில்தான் இருந்தது. மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி அறிவித்தேன்.

முடிவு சொன்ன பிறகு செல்லக்கிளி தனியாக வந்து அழுதாள். அளவெடுத்த ஆள் யார் என்று அப்போது சொன்னாள். காப்பீட்டு நிறுவனத்து ஆளாம். பட்டறையில் யாருக்காவது விபத்து நடந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தானாம். கட்டடத்தையும் மெஷினையும் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்களாம்.

"எலெக்‌ஷனுக்கு முன்னாடி சொன்னா ஓட்டுக்காகச் சொல்ற மாதிரி ஆயிரும்க்கா, ரெண்டு பேருமே வாயத் தொறக்க வேணாம்னு சொன்னான் சார். அதான் நானும் ஒங்ககிட்டச் சொல்லல," என்றாள்.

நல்ல நாகரிகம். தேர்தல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தேர்தல் அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை. அவன் மறைத்ததால் வந்த வினை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், வயது அப்படி.

ஆண்டிச்சாமியைப் பற்றிக் கேட்டீர்கள். விபத்து விசாரணையில் அவர் மேல்தான் பழி விழுந்தது. உடைக்க வேண்டிய கல்லை உடைக்காமல் விட்டதும், எடுத்து மாட்டியதும் தன் மறதிதான் என்று அவரே நம்பிவிட்டார். பட்டறைப் பக்கம் வருவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "எப்ப மாட்டுனேன்னே நெனப்பு வரல சார். எனக்குப் புத்தி பெசகிருச்சு," என்றார். மறதி எல்லோருக்கும் வரும், மனசை விட்டுவிடாதீர்கள் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். போகும்போது ஆப்பிள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யாரும் கேட்கவில்லை. கல்லைப் பற்றி நான் சொல்லும்வரை நீங்களும் கேட்கவில்லை. ஓட்டுச்சீட்டைப் பற்றித்தான் கேட்டீர்கள். அந்த அறைக்குள் எதற்குப் போனாய் என்று கேட்டால் எனக்கு இருக்கிற ஒரே பதில் இதுதான். இதைச் சொல்லாமல் விட்டால் சீட்டை எடுக்கத்தான் போனேன் என்று ஆகிவிடும். காலையில் கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்தேன்.

பெட்டி என் பொறுப்பில் அப்படியே இருக்கிறது. சரண்யாதேவியை வரச் சொல்லுங்கள். அவள் கண் முன்னாலேயே பிரித்து, அவள் கையாலேயே எண்ணட்டும். ஒன்பது வரும். கொலைகாரன் என்று அவள் என்னை எங்கே வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் மறுக்கப் போவதில்லை. ஓட்டைத் திருடினான் என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு என் மகன் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?